கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ.

1987-ல் இந்திய அமைதிப்படையோடு அப்பா இலங்கை போனார். ராயப்பேட்டை மணிக்கூண்டுப் பக்கம் எங்கள் வீடு. அம்மா எழுதும் முகவரியில் யாழ்ப்பாணம் என்றோ திருகோணமலை என்றோ இருக்காது. படை எண், பெயர், பிரிவு, கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ., அவ்வளவுதான். ஆள் எங்கே என்று ராணுவ அஞ்சல் பிரிவுக்குத்தான் தெரியும். கன்னியாகுமரியைவிட யாழ்ப்பாணம் சென்னைக்குக் கிட்டத்தான். ஆனாலும் அந்த ஆண்டு அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு நடந்த சண்டையின்போது, கடிதத்தில் அப்பா போட்ட தேதியைத்தான் அம்மா முதலில் பார்ப்பார். அதற்குப் பிறகு என்ன ஆனதோ! அப்பா மழையைப் பற்றியும் என் படிப்பைப் பற்றியும் எழுதுவார். சண்டையைப் பற்றி ஒரு வரி இருக்காது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் திரும்பவில்லை. யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் பட்ட பாடு தனி.

இப்படிப்பட்ட கடிதங்களை எழும்பூர் ஆவணக் காப்பகம் கேட்டு வாங்கிச் சேர்க்க வேண்டும். உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால், தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.