பிளாவில் ஊற்றினால் இழிவு, கிளாசில் ஊற்றினால் கலை

ஸ்பெயினில் பியர் என்றால் நெடுங்காலமாக மாஹூ சான் மிகுவேல், டாம், ஹைனெக்கன் ஆகிய மூன்று பெரு நிறுவனங்கள்தான். கடந்த இருபது ஆண்டுகளுக்குள் அந்தச் சந்தையில் நவார்ராவின் நாபார்பியர், பார்சிலோனாவின் கராஜ் போன்ற சிறு தயாரிப்பாளர்கள் தமக்கென ஓர் இடத்தைப் பிடித்தார்கள். அவர்களுடைய பெருமை ஹொப்ஸ் பூவின் கசப்பும் மணமும் மிகுந்த பியர்கள். அந்த மணம் சில வாரங்களிலேயே மங்கிவிடும். ஆதலால் குளிரில் வைத்து, விரைவில் குடித்துவிட வேண்டும். விரைவில் கெடும் என்பதே அங்கே தரத்தின் அடையாளமாகிவிட்டது. அதற்கு அதிக விலை கொடுக்கவும் ஆட்கள் இருக்கிறார்கள். ரொறன்ரோவிலும் லண்டனிலும் பரிசிலும் வாழும் நம்மவர்களும் அந்த வரிசையில் நிற்கிறார்கள். நிற்கட்டும், அதில் எனக்கு வழக்கில்லை.

என் வழக்கு வேறு. வல்வெட்டித்துறையிலிருந்து பருத்தித்துறை நோக்கிச் செல்லும் கரையோரப் பாதையின் இருமருங்கும் நிற்கும் பனைகளில் இறங்குகிற பானமும் இதே இலக்கணத்துக்கு உரியதுதான். பாளையைச் சீவிக் கட்டிய முட்டிக்குள் சொட்டும்போதே காற்றிலுள்ள நுண்ணுயிர்கள் அதைப் புளிக்க வைக்கத் தொடங்கிவிடுகின்றன. முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் கருப்பணி, பூசாவிட்டால் கள்ளு. சீனி சேர்ப்பதில்லை, ஈஸ்ட் சேர்ப்பதில்லை. மதுச்சாரம் பொதுவாக ஒரு பியரின் அளவுதான். காலையில் இறக்கியது மாலையில் வேறு சுவை, மறுநாள் காடி. பெல்ஜியத்தில் பிரசல்ஸ் நகரையொட்டி, காற்றிலுள்ள நுண்ணுயிர்களைக் கொண்டே புளிக்க வைக்கும் லாம்பிக் பியரை உலகம் கொண்டாடுகிறது. அதே இயற்கை நிகழ்வு வடமராட்சியில் நடந்தால் அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் தவறணைச் சரக்கு.

ஏன் இந்த வேறுபாடு? சுவையில் அல்ல, சாதியில் இருக்கிறது விடை. சீவல் தொழிலாளியின் உழைப்பில் பிறந்த பானத்தைக் குடித்துவிட்டு, அவனை வாசலுக்கு வெளியே நிறுத்திய சமூகம் நம்முடையது. தளநாரைக் காலில் மாட்டிக் காலையும் மாலையும் உயிரைப் பணயம் வைத்து ஏறியவனைக் கலைஞன் என்று எவரும் அழைத்ததில்லை. தாடி வைத்த ஓர் ஐரோப்பிய இளைஞன் எஃகுக் கலத்தின் முன்னால் நின்றால் மட்டும் அவன் கைவினைஞன் ஆகிவிடுகிறான்.

சட்டமும் இதற்குத் துணை நின்றது. 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம், திருத்தங்களுடன், இன்றும் இந்நாட்டின் அடிப்படைச் சட்டம். அரசின் வருவாயைக் காக்க வெள்ளையர் வகுத்த அதன் பார்வையில் மரமேறி உற்பத்தியாளன் அல்லன், கண்காணிக்க வேண்டியவன். தமிழ்நாட்டின் கதை இன்னும் வேடிக்கையானது. அங்கே 1987 முதல் கள்ளுக்குத் தடை. 2003 முதல் மதுச் சில்லறை விற்பனை அரசின் டாஸ்மாக் கையில். தொழிற்சாலைச் சாராயம் அரசுக்கு வருமானம், தோட்டத்துக் கள்ளு குற்றம்!

நம்மிடம் நல்ல முன்னுதாரணங்களும் உண்டு. 1970களில் தழைத்த பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் தொழிலாளியைத் தவறணைக் குத்தகைக்காரனின் பிடியிலிருந்து விடுவிக்க முயன்றன. 1978இல் பனை அபிவிருத்திச் சபை உருவானது. திக்கத்தில் பனஞ்சாராய வடிசாலை எழுந்தது. பிறகு வந்த போரில் பனைகள் பதுங்குகுழிகளுக்காகத் தறிக்கப்பட்டன, எறிகணைகளில் தலையிழந்தன. திக்கம் வடிசாலையின் வரலாறோ இயங்கியதும் முடங்கியதுமாகவே நீண்டது. அதைத் தனியாரிடம் கொடுப்பதா, சங்கங்களிடம் விடுவதா என்ற சர்ச்சையில், மரமேறும் மனிதனின் குரல்தான் மிகக் குறைவாகக் கேட்டது.

'குடியைப் போற்றுகிறாயா?' என்று சில நண்பர்கள் சினப்பார்கள். குடி அழித்த குடும்பங்களைப் பற்றி நானும் பத்திரிகைகளில் எழுதியிருக்கிறேன். அந்த அழிவை மறுக்கவில்லை. ஆனால் தவறணையைப் பழிக்கும் நாக்கு, அதே தெருவில் கொழும்பிலிருந்து லொறியில் வந்திறங்கும் பியர் பெட்டிகளைக் கண்டால் மௌனமாகிவிடுகிறதே, அது அறமா? குடியை எதிர்ப்பவர் இரண்டையும் எதிர்க்கட்டும். பியரை ஏற்றுக்கொண்டு கள்ளை மட்டும் இகழ்பவர் குடியை எதிர்க்கவில்லை, ஏழையை எதிர்க்கிறார்.

செய்ய வேண்டியவை எளியவை. போத்தலில் அடைத்த கள்ளு ஏற்கெனவே உண்டு. அதில் ஊரின் பெயரும் இறக்கிய நாளும் இருக்கட்டும். சூடேற்றி உயிரைக் கொன்று அடைப்பதோடு நின்றுவிடாமல், குளிரூட்டிப் புதிதாகவே விற்கும் வசதி சங்கங்களுக்குக் கிடைக்கட்டும். விலையில் பெரும்பங்கு மரமேறுபவனுக்குச் சேரட்டும். விழுந்தால் அவன் குடும்பத்தைத் தாங்கும் காப்புறுதி கட்டாயமாகட்டும். வடிசாலையின் உரிமை சங்கங்களிடமே இருக்கட்டும். இவை இல்லாவிட்டால் அந்தத் தொழிலாளியின் மகன் மரமேற மாட்டான். ஏறாதிருப்பது அவன் உரிமை. ஏற வைக்கும் உரிமை நமக்கில்லை. மரியாதையும் கூலியும் கொடுத்தால் மட்டுமே இந்தக் கலை தங்கும்.

வல்வெட்டித்துறையின் தச்சர்கள் கட்டிய 'அன்னபூரணி' பாய்க்கப்பலை ஓர் அமெரிக்கர் வாங்கினார். 1938இல் அது மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறைமுகத்தைச் சென்றடைந்த பிறகு அதன் புகழ் கடல் கடந்து பரவியது. இன்று அந்தக் கப்பலைச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். அதைக் கட்டிய தொழில் ஊரில் மங்கிப்போயிற்று. கள்ளுக்கும் அதே கதி நேர வேண்டுமா? நாளை ஒரு வெள்ளைக்காரர் வந்து பனங்கள்ளை அழகிய போத்தலில் அடைத்து விற்றால் வாங்கிக் குடித்துப் புகழப் போகிறவர்கள், இன்றைக்கே அந்தத் தொழிலாளியை நிமிர்ந்து பார்க்கலாமே.