‘பாரம் தூக்காதே’ எண்டு ஆருக்குச் சொல்லுறியள்?

நாரிநோவோட கிளினிக்குக்குப் போன ஆரிட்டயும் அந்தத் துண்டை வாங்கிப் பாருங்கோ. குளிசை, பெல்ட், ஓய்வு, கடைசியில ‘பாரம் தூக்கக்கூடாது’. அந்தக் கடைசி வரியோடதான் எனக்குச் சண்டை.

மேசன் வேலைக்குப் போற ஒராள் 50 கிலோ சீமெந்துப் பையைத் தொடாமல் எப்பிடி உழைக்கிறது? கிணத்தில தண்ணி அள்ளி, குழந்தையைத் தூக்கி, சோத்துப் பானையை இறக்கிற அம்மாவுக்கு ஆர் லீவு குடுக்கிறது? உடற்பயிற்சி எண்ட உடனே வீடே பதறுது. அதே மனுசி ஒரு நாளைக்கு நூறு தரம் குனிஞ்சு நிமிருறதை ஒருத்தரும் பாரமெண்டு கணக்கெடுக்கிறேல்லை. வாழ்நாள் முழுக்கத் தூக்கப்போற ஆளுக்குத் தேவை தூக்கக்கூடிய உடம்பு. அதைப் பழக்காமல் ‘தூக்காதே’ எண்டு எழுதிக் குடுக்கிறது வைத்தியம் இல்லை, கைகழுவுறது.

பயம் சொல்லிலேயே தொடங்குது. ‘டிஸ்க் விலகிட்டுது’ எண்டு சொல்லுறம். அது கரம் காய் மாதிரி வழுக்கி வெளியில போற சாமான் இல்லை. முள்ளந்தண்டு எலும்புகளுக்கு நடுவில இறுக்கமா ஒட்டியிருக்கிற தட்டு. அதின்ர வெளிவளையம் கிழிஞ்சு, உள்ளுக்க இருக்கிற களி மாதிரியான பகுதி பிதுங்கி நரம்பில முட்டினால்தான் காலுக்கு மின்னல் அடிக்குது. கனபேருக்கு அந்தப் பிதுக்கத்தை உடம்பே மெல்ல மெல்லக் கரைச்சிடும். நோவே இல்லாத ஆக்களின்ர ஸ்கான்களைப் பற்றிய ஆய்வுகளை 2015இல் தொகுத்துப் பார்த்தபோது, 20 வயதுக்காரரிலேயே நூற்றுக்கு 30 பேரளவில டிஸ்க் பிதுக்கம் இருந்தது. ஆனால் எங்கட ஊரில ஒரு பெட்டையின்ர எம்.ஆர்.ஐ. றிப்போட்டை அலுமாரிக்க ஒளிச்சு வைக்கினம், கலியாணம் குழம்பிடுமாம்.

அடுத்தது படுக்கை. 1999இல் நெதர்லாந்தில காலுக்கு நோ இறங்கின 183 பேரை ரெண்டாப் பிரிச்சு, ஒரு பகுதியை ரெண்டு கிழமை படுக்கச் சொன்னார்கள், மற்றப் பகுதியை வழமைபோல இருக்கச் சொன்னார்கள். 12 கிழமைக்குப் பிறகு ரெண்டு பக்கத்திலயும் நூற்றுக்கு 87 பேர் தேறியிருந்தினம். படுத்ததால ஒரு லாபமும் இல்லை. முதல் ரெண்டு நாள் தாங்கேலாமல் படுக்கிறதை நான் பிழை சொல்லேல்லை, நானும் படுத்தனான். மாசக்கணக்கில படுக்க வைக்கிறதைத்தான் சொல்லுறன். தசை கரையும், பயம் ஊறும், எழும்பினால் முந்தியை விடப் பெலயீனம்.

இதுக்காக ஜிம் மாஸ்டர்மாரை நம்பச் சொல்லேல்லை. டிஸ்க் இருக்கெண்டு சொன்ன பிறகும் முதல் நாளே சிட்-அப் நாப்பது அடிக்கச் சொன்ன ஒருத்தரை எனக்குத் தெரியும். ‘நோகாமல் உடம்பு வராது’ எண்ட தத்துவம் வேற. திரும்பத் திரும்ப முதுகை வளைக்கிறதுதான் டிஸ்க்கின்ர பின்பக்கத்தை நெருக்கிற வேலை. நாரிநோவுக்கு யோகா எண்டு காலைத் தொடச்சொல்லுறவையும் இதைக் கவனிக்க வேணும்.

பிறகு எதைச் செய்யிறது? கனடாவில வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில முள்ளந்தண்டை ஆராய்ஞ்ச ஸ்டுவர்ட் மெக்கில் மூண்டு பயிற்சியைச் சொல்லுறார். மல்லாந்து படுத்து, நாரிக்குக் கீழ கையை வைச்சு, தலையையும் தோளையும் கொஞ்சமாக மட்டும் உயர்த்திறது. முழங்காலையும் முழங்கையையும் ஊண்டிப் பக்கவாட்டில உடம்பைத் தூக்கிறது. நாலுகாலில நிண்டு ஒரு கையையும் எதிர்ப்பக்கக் காலையும் நீட்டுறது. ஒவ்வொண்டிலயும் 10 செக்கன் பிடிச்சு விடுறது. பாக்கச் சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும், ஆனால் முதுகு வளையாமல் தசை வேலை செய்யுது. அதோட நடை. ஒரேயடியா ஒரு மணித்தியாலம் வேண்டாம், பத்து நிமிசமா மூண்டு தரம் போதும். குனியிறதைப் பழக ஒரு தும்புத்தடி காணும்: தலை, மேல்முதுகு, வால் எலும்பு மூண்டிலயும் தடி முட்டினபடி இடுப்பில மடியுங்கோ. தடி விலகினால் முதுகு வளையுது எண்டு அர்த்தம். இது வடிவாப் பழகின பிறகுதான் கையில பாரம், அதுவும் கொஞ்சம் கொஞ்சமா.

விடிய எழும்பின உடனே குனியிற பயிற்சி வேண்டாம். இரவில தட்டு தண்ணி உறிஞ்சி வீங்கி நிக்கும்.

பயிற்சி செய்யேக்க நோ எந்தப் பக்கம் போகுது எண்டு பாருங்கோ. காலில இருந்த நோ மேல ஏறி நாரிக்க வந்தால், நாரி கொஞ்சம் கூட நொந்தாலும், பொதுவா நல்ல அறிகுறி. குதிக்காலை நோக்கி இறங்கினால் அந்த அசைவை நிப்பாட்டுங்கோ. பாதம் தூக்கேலாமல் இழுபட்டால், இருக்கிற இடம் மரத்தால், மூத்திரம் போறதில தடங்கல் வந்தால் பயிற்சியும் இல்லை, எண்ணெய் உருவலும் இல்லை, அண்டைக்கே ஆஸ்பத்திரி.

அரசாங்க ஆஸ்பத்திரியில பிசியோதெரபிக்குக் காசில்லை. ஆனால் அங்க அனுப்பச் சொல்லிக் கேக்கிற நோயாளிகள் குறைவு, கேளாமல் அனுப்பிற டொக்டர்மார் அதைவிடக் குறைவு எண்டுதான் நான் கண்டனான். அடுத்த முறை அந்தத் துண்டு கைக்கு வரேக்க, கதிரையை விட்டு எழும்பாமல் கேளுங்கோ: ‘சேர், தூக்கக்கூடாது சரி. எத்தினை கிழமைக்கு? அதுவரைக்கும் நான் என்ன பயிற்சி செய்யிறது? ஆர் பழக்குவினம்?’