நிலுவையும் கூறுக

தொகுதிச் செய்திகளைச் சட்டமன்ற உறுப்பினர்கள் அறிக்கையாக வெளியிடுவது வரவேற்கத்தக்கதே. சாலையும் விளக்கும் அதில் இடம்பெறுகின்றன. ஆனால் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி விவசாயிக்கு முதற்செய்தி கிணற்று நீரே. தோல் பதனிடும் கழிவால் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் நிலம் முழுமையாகவோ ஓரளவோ சாகுபடிக்கு உதவாமற்போனதை உச்சநீதிமன்றத்தின் 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பு எடுத்துக்காட்டியது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டுமென்றும் விதித்தது. நஷ்டஈடு பெறாதோருக்கு ஆறு வாரங்களில் வழங்குமாறு 2025 ஜனவரி 30-இல் அந்நீதிமன்றமே மறுபடியும் உத்தரவிட நேர்ந்தது.

தோல் தொழில் பல குடும்பங்களை வாழவைப்பதை நாம் மறுக்கவில்லை. எனினும், சங்கக் கணக்கை ஆராய்கையில் நாம் முதலில் நோக்குவது நிலுவைப் பட்டியலையே. அவ்வாறே நீர்ச் சோதனையின் முடிவையும், ஈடு பெறாதோர் தொகையையும் தொகுதி அறிக்கை கூறட்டும். பொதுக்குழுவில் கேள்வி கேட்டுப் பழகிய நம் அங்கத்தினர்கள் இதையும் கேட்கத் தயங்கலாகாது.