முதலிடம் யாருக்கு?

உன் வாழ்வில் முதலிடம் யாருக்கு என்று கேட்டால், கிறிஸ்தவ வீட்டில் வளர்ந்த எட்டு வயதுப் பிள்ளைகூட யோசிக்காமல் பதில் சொல்லிவிடும். ஞாயிறு பள்ளியில் முதலில் கற்றுக் கொடுக்கும் பதில் அது. பெரியவர்களான நாம் அதை எங்கே வைத்துச் சோதித்துப் பார்ப்பது? இந்த இதழைப் படிக்கும் அன்பர்களில் பலர் வேறு சமயத்தவர் என்பதை அறிவேன். எங்கள் வீட்டு வழக்கைச் சங்கத்து முற்றத்தில் பேசுகிறேன் என்று அவர்கள் வருந்தவேண்டாம். வரன் தேடும் படலம் எல்லா வீட்டிலும் ஒன்றுதான்.

பெஹாலாவிலிருந்து தமிழ் ஆராதனைக்குப் போகும் குடும்பங்களைப் பார்த்து விசுவாசம் குறைந்தவர்கள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. டைமண்ட் ஹார்பர் சாலை நெரிசலில் கைக்குழந்தையோடு பஸ்ஸில் நின்றுகொண்டே போகிறார்கள். லெந்து நாட்களில் உபவாசம் இருக்கிறார்கள். சம்பளம் வந்ததும் காணிக்கையை எடுத்து வைத்துவிட்டுத்தான் மளிகைக் கணக்கைப் பார்க்கிறார்கள். தெருவில் வங்காளி, பள்ளியில் ஆங்கிலம் என்று வளரும் பிள்ளைகள் தமிழ்ப் பாட்டுப் புத்தகத்தை எழுத்துக் கூட்டிப் பாடுவதைக் கேட்டால் மனம் நிறைகிறது.

ஆனால் ஆராதனை முடிந்து டீ குடிக்கும்போது கல்யாணப் பேச்சை எடுத்துப் பாருங்கள். "பையன் இரட்சிக்கப்பட்டவனா இருக்கணும்" என்பது முதல் வாக்கியம். இரண்டாவது வாக்கியம் சற்றுத் தாழ்ந்த குரலில் வரும்: "நம்ம ஆளுங்களாவும் இருந்துட்டா நல்லது." முதல் நிபந்தனைக்குச் சலுகை உண்டு. கோயில் பக்கமே போகாத பையன் என்றால், "கல்யாணம் ஆனா சரியாயிடுவான்" என்பார்கள். இரண்டாவதற்குச் சலுகை கிடையாது. எதை விட்டுக் கொடுக்க முடியாதோ அதற்குத்தானே முதலிடம்?

இந்தக் கேள்வியை நம் முன்னோர்களிடம் இதே கல்கத்தாவிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். 1833இல் சென்னைக்கென்று தனி பிஷப் கிடையாது. தஞ்சாவூர், திருச்சி, வேப்பேரி ஆங்கிலிக்கன் சபைகள் எல்லாம் கல்கத்தா பிஷப்பின் கீழே இருந்தன. அப்போது அந்தப் பதவியில் இருந்த டேனியல் வில்சன் தெற்கே ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். சபைக்குள் ஜாதி வேற்றுமையை அடியோடு, உடனே விட்டுவிட வேண்டும் என்பது அதன் சாரம். திருவிருந்தில் முந்தி, பிந்தி என்பதெல்லாம் இனி இல்லை என்றார். வேப்பேரியிலும் தஞ்சையிலும் பலர் எழுந்து சபையைவிட்டே வெளியேறினார்கள். பிஷப் நேரில் போய்ப் பேசியும் எல்லாரும் திரும்பவில்லை. சில ஆண்டுகள் கழித்து வந்த லைப்சிக் லுத்தரன் மிஷன் ஜாதி விஷயத்தில் பொறுமை காட்டியதால், பலர் அங்கே போய்ச் சேர்ந்தார்கள்.

போனவர்களை விசுவாசமில்லாதவர்கள் என்று தள்ளிவிடவும் முடியவில்லை. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் அந்தத் தரப்பில்தான் நின்றார். ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் படித்தவர், சரபோஜி மன்னரின் நட்பைப் பெற்றவர். அவருடைய கீர்த்தனைகள் இல்லாமல் இன்றும் தமிழ்க் கோயில்களில் பண்டிகை நடப்பதில்லை. அவருடைய பக்தியைச் சந்தேகிக்க எனக்குத் தகுதியில்லை. வெள்ளைக்காரர் தமக்குள் உயர்வு தாழ்வு வைத்துக்கொண்டு நமக்கு உபதேசிக்கிறார்களே என்ற கோபத்திலும் நியாயம் உண்டு. ஆனாலும் அத்தனை பக்தி உள்ள மனிதருக்கே இந்த ஒன்று கடக்க முடியாத வேலியாக இருந்தது. வேலி எவ்வளவு உயரம் என்பதை அதிலிருந்தே அளந்துகொள்ளலாம். ரோமன் கத்தோலிக்கரிடமும் கதை வேறல்ல. திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய கோயிலில், இரு தரப்பாரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஒரே பீடத்தைப் பார்க்கும்படி இரண்டு கூடங்கள் வைத்தார்கள்.

அந்த வில்சன் கட்டியதுதான் சௌரங்கி அருகே உள்ள புனித பவுல் பேராலயம். 1847இல் அது பிரதிஷ்டையானது. அவருடைய கல்லறையும் அங்கேதான். அதே ஆலயத்தில் 1912 டிசம்பர் 29ஆம் தேதி ஒரு தமிழர், இந்தியரில் முதல் ஆங்கிலிக்கன் பிஷப்பாக அபிஷேகம் பெற்றார். வெள்ளாளன்விளையில் பிறந்த வே. ச. அசரியா. அவர் பிறந்த நாடார் சமூகத்தைத் தாழ்வாக வைத்திருந்த காலம் அது. பெயரும் பதவியும் கிடைத்ததும் ஊருக்குத் திரும்பித் தம் மக்களிடையே பெரிய மனிதராக உட்கார்ந்திருக்கலாம். அவரோ அதற்கு முன்பே, 1909இல், தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்குப் போய்விட்டார். வேற்று மொழியைக் கற்றுக்கொண்டு, மாலர், மாதிகர் என்று ஒதுக்கப்பட்ட மக்களிடையே 1945இல் சாகும்வரை உழைத்தார். பேராலயத்தைச் சுற்றிப் பார்க்கப் பிள்ளைகளை அழைத்துப் போகும் தமிழ்ப் பெற்றோர், கண்ணாடி ஜன்னலோடு இதையும் சொல்லிக் காட்டலாமே.

ஊரில் என்ன சொல்வார்கள் என்று ஒரு தாய் கேட்டால் எனக்குப் புரிகிறது. அடுத்த பெண்ணின் கல்யாணம், சொந்தங்களின் முகம், ஊரில் இருக்கும் வீடு என்று ஆயிரம் முடிச்சு அதில் இருக்கிறது. ஆனால் பெஹாலாவில் நம்மை எந்த ஜாதி என்று கேட்பார் யார்? பக்கத்து வீட்டு வங்காளிக்கு நாம் எல்லாரும் 'மத்ராஸி'. யாரும் கேட்காத இடத்திலும் நாமே ஊரிலிருந்து அதைப் பத்திரமாக மூட்டை கட்டிக் கொண்டுவந்து, பிள்ளைகளுக்குப் பங்கு வைக்கிறோம். தமிழைக் கொடுக்க இவ்வளவு சிரமப்பட்டால் பிள்ளைகள் சரளமாகப் படிப்பார்கள்.

இப்போது இதை எழுதக் காரணம் உண்டு. எங்கள் பகுதித் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள் சேர்ந்து ஒரு வரன் பதிவேடு தொடங்க இருக்கிறோம். நல்ல முயற்சி, தரகருக்குக் கொடுக்கும் பணம் மிச்சம். மாதிரிப் படிவம் கைக்குக் கை வந்தது. பெயர், வயது, படிப்பு, வேலை, சபை, அதன் கீழே 'சமூகம்' என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தை எடுத்துவிட வேண்டும் என்று அடுத்த கூட்டத்தில் சொல்லப் போகிறேன். காலியாக விடலாம், விருப்பமுள்ளவர் எழுதட்டும் என்ற சமாதானம் வேண்டாம்; காலியாக விட்டவர் யார் என்று அன்று மாலையே விசாரிப்பார்கள். கட்டம் இருக்கட்டும் என்பவர்களும் கூட்டத்துக்கு வந்து, அதற்கான காரணத்தைத் தாழ்ந்த குரலில் அல்லாமல் எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லட்டும். என் இரண்டு பெண்களின் படிவத்தையும் அந்தக் கட்டம் இல்லாமலே நிரப்பி வைத்திருக்கிறேன்.