குப்பை அள்ளியவர்களுக்கு 'முன் அனுபவம்' இல்லையாம்!

ஒரு மாநகராட்சி குப்பை சேகரிக்க டெண்டர் விடுகிறது. யாரெல்லாம் கலந்துகொள்ளலாம் என்று அதில் ஒரு பக்கம் இருக்கும். கடந்த சில ஆண்டுகளில் இத்தனை கோடி வரவு செலவு காட்டியிருக்க வேண்டும். முன்வைப்புத் தொகை கட்ட வேண்டும். வங்கி உத்தரவாதம் தர வேண்டும். காம்பாக்டர் லாரிகள் கையில் இருக்க வேண்டும். இவற்றோடு, இதே அளவுள்ள வேறொரு நகரத்தில் இதே வேலையைச் செய்த 'முன் அனுபவம்' இருக்க வேண்டும்.

முனைவர் பட்ட ஆய்வுக்காக இத்தகைய ஆவணங்களைத் தொடர்ந்து படித்து வருகிறேன். என்னால் கடந்து போக முடியாத சொல் இந்த 'முன் அனுபவம்'தான். பாட்டி அள்ளினாள், அம்மா அள்ளினாள், மகள் அள்ளுகிறாள். மூன்று தலைமுறையாக ஒரு நகரத்தின் கழிவைச் சுமந்த குடும்பத்துக்கு இந்த ஆவணத்தின்படி ஒரு நாள் அனுபவம்கூடக் கிடையாது. அவர்கள் பத்துப் பேர் சேர்ந்து ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கினாலும் கிடையாது. அதே பெண்களைக் கூலிக்கு அமர்த்தி வேலை வாங்கிய கம்பெனிக்கு மட்டும் அனுபவம் உண்டு. உழைத்தவர் ஒருவர், உழைப்பின் சான்றிதழ் இன்னொருவர் பெயரில்.

இதைச் சாதி என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது?

"டெண்டர் எல்லோருக்கும் பொதுவானது. யார் வேண்டுமானாலும் போட்டி போடலாம்" என்பார்கள். கோயில் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது, ஊர்க் கட்டுப்பாட்டை மட்டும் மதித்து வா என்பது போன்ற பேச்சு இது. எந்தச் சாதிகளுக்கு நிலமும் வங்கிக் கணக்கும் அடமானம் வைக்கச் சொத்தும் மறுக்கப்பட்டனவோ, அந்தச் சாதிகள்தான் குப்பைக்குள் தள்ளப்பட்டன. இப்போது அந்தக் குப்பையை அள்ளும் உரிமைக்கே வங்கி உத்தரவாதம் கேட்கிறார்கள்.

இது ஏதோ கற்பனையான பிரச்சினை இல்லை என்பதற்குப் புனே நகரமே சாட்சி. 1972 பஞ்சத்தில் மராத்வாடா பகுதியிலிருந்து பிழைப்புத் தேடி வந்த குடும்பங்கள் பல அந்த நகரத்தின் குப்பைத் தொட்டிகளைக் கிளறி வாழத் தொடங்கின. பெரும்பாலும் தலித் பெண்கள். 1993இல் அவர்கள் 'காகத் காச் பத்ரா கஷ்டகரி பஞ்சாயத்' என்ற சங்கமாகத் திரண்டார்கள். காகிதம், கண்ணாடி, தகரம் பொறுக்கும் உழைப்பாளர் பஞ்சாயத்து என்று பொருள். சுமைத் தொழிலாளர்களுக்காகப் போராடிய பாபா ஆடவ் அதற்குத் துணை நின்றார். "நாங்கள் பிச்சைக்காரர்கள் இல்லை, திருடர்கள் இல்லை, தொழிலாளர்கள்" என்பதுதான் அவர்களுடைய முதல் கோரிக்கையின் சாரம். மாநகராட்சி அங்கீகரித்த அடையாள அட்டையைப் போராடிப் பெற்றார்கள்.

அந்தச் சங்கத்திலிருந்து பிறந்ததுதான் 'ஸ்வச்' கூட்டுறவு. 2008இல் புனே மாநகராட்சியோடு ஐந்தாண்டு உடன்படிக்கை போட்டது. ஏற்பாடு எளிமையானது. இருவர் இருவராக வீடு வீடாகப் போய்க் குப்பை வாங்குவார்கள். வீட்டுக்காரர் மாதக் கட்டணத்தை நேரடியாக அவர்களிடம் கொடுப்பார். மக்கும் குப்பை மாநகராட்சி வண்டிக்குப் போகும். காகிதம், பிளாஸ்டிக், உலோகம் ஆகியவற்றை அவர்களே பிரித்துக் காயலான் கடையில் விற்றுக்கொள்வார்கள். நடுவில் காண்டிராக்டர் இல்லை. நகரத்துக்கும் மிச்சம், தொழிலாளிக்கும் வருமானம்.

இவ்வளவு நன்றாக ஓடிய ஏற்பாட்டுக்கு என்ன மரியாதை கிடைத்தது? முதல் உடன்படிக்கை 2013இல் முடிந்தது. அடுத்தது 2016இல்தான் கையெழுத்தானது. அதுவும் 2020 டிசம்பரில் முடிந்தது. அப்புறம் குறுகிய கால நீட்டிப்புகள். தனியாரிடம் கொடுத்துவிடலாம் என்ற பேச்சு எழுந்து, தொழிலாளர்கள் தெருவில் இறங்க வேண்டியிருந்தது. கொரோனா காலத்தில் ஊரே கதவைச் சாத்திக்கொண்டபோது வாசலுக்கு வந்து குப்பை வாங்கியவர்களுக்குக் கிடைத்த நன்றி இது.

ஒப்பந்தக் காலம் என்பதே ஓர் ஆயுதம் என்பதைக் கவனியுங்கள். கம்பெனிக்குப் பல ஆண்டு ஒப்பந்தம். லாரி வாங்க வங்கி அதை நம்பிக் கடன் கொடுக்கும். கூட்டுறவுக்கு மாதக் கணக்கில் நீட்டிப்பு. அந்தத் தாளைக் காட்டி ஒரு தள்ளுவண்டிக்குக்கூடக் கடன் கிடைக்காது. பிறகு, "பாருங்கள், இவர்களிடம் வண்டி இல்லை, நவீனமாகவில்லை" என்று அதையே குற்றச்சாட்டாக வைப்பார்கள்.

மற்ற நிபந்தனைகளும் இப்படித்தான். பணம் எடைக்கணக்கில் தரப்பட்டால், குப்பை எவ்வளவு கனக்கிறதோ அவ்வளவு லாபம். பிரிப்பதும் உரமாக்குவதும் எடையைக் குறைக்கும். ஆகவே அது நஷ்டம். பிரித்தெடுப்பதையே பிழைப்பாகக் கொண்ட சங்கம் இந்தக் கணக்கில் எப்படி நிற்கும்? பில் போட்டு இரண்டு மூன்று மாதம் கழித்துப் பணம் வந்தால் பெரிய கம்பெனி தாங்கும். வாரக் கூலியில் அடுப்பெரியும் உறுப்பினர்களைக் கொண்ட சங்கம் தாங்காது. ஒரு நாள் வண்டி தாமதமானால் அபராதம் உண்டு. மாநகராட்சி பணத்தைத் தாமதித்தால் வட்டி கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலே, சேகரித்த குப்பை யாருக்குச் சொந்தம் என்ற விதி. ஒப்பந்ததாரருக்கே என்று எழுதிவிட்டால், நேற்றுவரை பால் கவரையும் அட்டைப்பெட்டியையும் விற்று வாழ்ந்த பெண் மறுநாள் அதே பொருளை எடுத்தால் திருடி.

இனி நம் ஊருக்கு வருவோம். சென்னையில் 2000இல் ஓனிக்ஸ் வந்தது. 2007இல் நீல் மெட்டல் ஃபனால்கா. அதற்குப் பிறகு ராம்கி, 2020இல் உர்பேசர் சுமீத். கம்பெனிகள் மாறின. சீருடையின் நிறம் மாறியது. சீருடைக்குள் இருந்தவர்களின் சாதி மட்டும் மாறவேயில்லை. 25 ஆண்டுகளில் இந்த மாநகரம் குப்பை அள்ளுபவர்களின் ஒரு கூட்டுறவோடு ஒரு மண்டலத்துக்காவது ஒப்பந்தம் போட்டிருக்கிறதா?

'சுய உதவிக் குழு' என்ற பெயரை மட்டும் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் கீழ் சுய உதவிக் குழு உறுப்பினர்களாகக் கணக்குக் காட்டப்பட்டு ஆண்டுக்கணக்கில் வேலை வாங்கப்பட்டார்கள். புனேயில் அமைப்பு என்பது பேரம் பேசும் பலம். இங்கே அது, 'நான் உன் முதலாளி இல்லை' என்று மாநகராட்சி சொல்லிக்கொள்ள உதவிய காகிதம். கணக்குப் புத்தகம் அவர்கள் கையில் இல்லை, ஒப்பந்தம் அவர்கள் கையில் இல்லை, முடிவெடுக்கும் உரிமையும் இல்லை. வேலை மட்டும் அவர்களுடையது.

2025இல் அந்த இரண்டு மண்டலங்களையும் தனியாருக்குக் கொடுத்தபோது, சுமார் 23,000 ரூபாயாக இருந்த மாதச் சம்பளம் சுமார் 17,000 ஆகிவிடும் என்று தொழிலாளர்கள் சொன்னார்கள். ஆகஸ்ட் 1 முதல் ரிப்பன் மாளிகை முன் அமர்ந்தார்கள். ஆகஸ்ட் 13 நள்ளிரவில் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது. அடுத்த நாளே அமைச்சரவை காலை உணவு, காப்பீடு, சுயதொழில் கடனுக்கு மானியம் என்று நலத்திட்டங்களை அறிவித்தது. சமூகநீதி பேசும் அரசின் எல்லை எது என்பதை இந்த இரண்டு நாட்கள் காட்டிவிட்டன. இட்லி தருவார்கள். ஒப்பந்தத்தைத் தர மாட்டார்கள்.

இந்த இடத்தில் நம் தரப்பிலிருந்தே ஒரு கேள்வி வரும். வர வேண்டும். "தலித்துகள் குப்பையை விட்டு வெளியேற வேண்டும் என்பதல்லவா நம் அரசியல்? கூட்டுறவு என்ற பெயரில் அவர்களை அங்கேயே நிறுத்தி வைப்பதா?" அம்பேத்கர் சாதியை வெறும் வேலைப் பங்கீடாகப் பார்க்க மறுத்ததை அறிந்த எவரும் இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. பரம்பரைத் தொழில் ஒழிய வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், ஒப்பந்தத்திலிருந்து விலக்கப்பட்டவர்கள் குப்பையை விட்டு வெளியேறவில்லையே! குறைந்த கூலிக்கு, பணிப் பாதுகாப்பு இல்லாமல், அதே தெருவில் அதே குப்பையைத்தான் அள்ளுகிறார்கள். வெளியேறியது அவர்கள் அல்ல. அவர்களுக்கு வர வேண்டிய பணம். குப்பை நாறிக்கொண்டிருந்தவரை அது சேரியின் தொழில். கோடிகள் புழங்கத் தொடங்கியதும் அது 'திடக்கழிவு மேலாண்மைத் துறை'. மகளைக் கல்லூரிக்கு அனுப்பிக் குப்பையிலிருந்து விடுவிக்கப் பணம் வேண்டும். அந்தப் பணம் ஒப்பந்தத்தில் இருக்கிறது.

வேறு வழியில்லை என்பதும் பொய். கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவில் பழைய பொருள் பொறுக்குவோரின் சங்கம் நீதிமன்றம் போனது. நகரத்தின் குப்பை டெண்டரில் அவர்களை விலக்கியது தவறு என்று 2003இல் அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் சொன்னது. நகரம் கேட்கவில்லை. 2011இல் ஒரு மாபெரும் டெண்டரையே நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. 2013 முதல் அந்தத் தொழிலாளர்களுக்கு அவர்கள் மீட்டெடுக்கும் பொருளின் எடைக்கேற்பச் சேவைக் கட்டணம் தரப்படுகிறது. பிரேசில் 2007இல் சட்டத்தைத் திருத்தி, இத்தகைய கூட்டுறவுகளை டெண்டர் இல்லாமலே பணியமர்த்த வழி செய்தது.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள், குப்பை சேகரிப்போரின் அமைப்புகளை உள்ளாட்சிகள் அங்கீகரித்து, வீடு வீடாகச் சேகரிப்பதில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கூறின. ஒன்றிய அரசின் 2012 கொள்முதல் ஆணை, அதன் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் வாங்குவதில் 4 விழுக்காட்டைப் பட்டியல் சாதி, பழங்குடியினர் நடத்தும் சிறு தொழில்களுக்கு ஒதுக்கியது. சிறு தொழில்களுக்கு முன்வைப்புத் தொகையிலிருந்து விலக்கும் அளித்தது. கர்நாடகம் அரசுப் பணி ஒப்பந்தங்களிலேயே குறிப்பிட்ட மதிப்பு வரை இட ஒதுக்கீடு கொண்டுவந்தது. இட ஒதுக்கீட்டின் தாய்வீடு என்று மார்தட்டும் தமிழ்நாடு குப்பை டெண்டரில் ஏன் அதைப் பேசுவதில்லை?

நாம் கேட்க வேண்டியவை தெளிவானவை. பெரும் மண்டலங்களாகக் கட்டாமல் வார்டு வார்டாக ஒப்பந்தத்தைப் பிரி. தொழிலாளர் கூட்டுறவுகளுக்கு ஒரு பங்கை ஒதுக்கு. உழைத்த ஆண்டுகளை முன் அனுபவமாகக் கணக்கில் எடு. வரவு செலவு நிபந்தனையையும் முன்வைப்புத் தொகையையும் நீக்கு. மாதம் பிறந்ததும் பணம் கொடு, தாமதித்தால் வட்டி கொடு. மறுசுழற்சிப் பொருளின் மீதான உரிமையைப் பிரிப்பவரிடமே விடு. நேரடியாக மாநகராட்சிப் பணி கேட்பவர்களுக்குப் பணி நிரந்தரம் கொடு; கூட்டுறவைக் காட்டி அதை மறுக்காதே.

இதை வாசிக்கும் உங்களிடமும் ஒரு கோரிக்கை. நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை உண்டாக்கும் இடங்களை 2016 விதிகள் பெருமளவில் குப்பை உருவாக்குவோர் என்று தனியாகப் பிரித்தன. கல்லூரி விடுதிகள், ஐ.டி. வளாகங்கள், பெரிய அடுக்குமாடிகள் பலவும் இதில் அடங்கும். உங்கள் வளாகமும் ஒரு தனியார் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டிருக்கலாம். அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். வேலை செய்பவருக்கு எவ்வளவு போகிறது, பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பிடிக்கப்பட்டுக் கட்டப்படுகிறதா, பழைய பொருள் விற்ற பணம் யாருக்கு என்று மூன்று கேள்வி கேளுங்கள். அடுத்த முறை புதுப்பிக்கும்போது உங்கள் பகுதியில் குப்பை சேகரிப்பவர்களின் குழு ஏதாவது இருக்கிறதா என்று விசாரியுங்கள். இல்லையென்றால், அவர்கள் சங்கமாகப் பதிவு செய்யவும் பில் எழுதவும் துணை நில்லுங்கள். ஏப்ரல் 14 அன்று அம்பேத்கர் படத்துக்கு மாலை போட்ட கையால் செய்யக்கூடிய வேலைதான் இது.