சேது கால்வாய்க்காகச் சண்டை போடும் என் பிள்ளைகளுக்கு

அன்பு மாணவர்களே, சொந்தங்களே,

சேது கால்வாயைக் கெடுத்தது உன் கட்சியா, என் கட்சியா என்று அடித்துக்கொள்கிறீர்கள். வாத்தியார் ஒரு வார்த்தை சொல்லட்டுமா?

1860இல் டெய்லர் சொன்ன யோசனை இது. 1967இல் சேலம் இரும்பாலையும் சேது கால்வாயும் கேட்டு அண்ணா எழுச்சி நாள் நடத்தினார். இரும்பாலை நம் பக்கத்திலேயே வந்துவிட்டது. கால்வாய்க்கு வாஜ்பாய் காலத்தில் ஆய்வு, 2005இல் மதுரையில் மன்மோகன் சிங் தொடக்க விழா, மதிப்பீடு 2,427 கோடி. 2007இல் ராமர் பாலத்தைத் தொடக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் தடுத்தது.

பாலம் ராமர் கட்டியதா என்று இரு பக்கமும் தொண்டை கிழியக் கத்தினார்கள். கப்பல் வருமா, மீனவன் பிழைப்பு என்னாகும் என்ற கேள்வி அதில் அமுங்கிப்போனது.

இலங்கையைச் சுற்றாவிட்டால் தூரம் குறையும், சரி. 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வரும் நமக்குத் தெரியாதா, தூரம் வேறு நேரம் வேறு என்று? கால்வாயில் கப்பல் ஊர்ந்துதான் போகும். மாற்றுப் பாதையும் கட்டுப்படியாகாது என்றது பச்சௌரி குழு. அதற்குப் பிறகும் 2023இல் சட்டமன்றத்தில் ஒருமனதாகத் தீர்மானம்!

ஓட்டுக் கேட்டு மலையேறி வருபவர் கால்வாய் பேசினால், "எந்தக் கப்பல் கம்பெனி வருகிறேன் என்றது?" என்று கேளுங்கள். கேள்வி கேட்காதவனைப் பெஞ்சு மேல் ஏற்றியவன் நான். மறந்துவிடாதீர்கள்.

உங்கள் வாத்தியார்,
திருப்புலி நாடு