கண்ணுக்கும் ஓர் அரிச்சுவடி

எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கும் முன்பே, தாயின் கைபேசியில் படங்களை விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கப் பழகிவிடுகிற ஒரு தலைமுறை நம் வீடுகளில் வளர்ந்து வருகிறது. பண்டிகை வாழ்த்தும் மரண அறிவிப்பும், கட்சிப் பிரசாரமும் கடை விளம்பரமும், வைத்தியக் குறிப்பும் வதந்தியும் அந்தப் பிள்ளைகளை வந்தடைவது பெரும்பாலும் படமாகத்தான். அவர்கள் பிறருக்கு எதையேனும் சொல்ல விரும்பினாலும் படமாகவே சொல்லுகிறார்கள். எழுத்தைப் படிக்கவும் பிழையின்றி எழுதவும் பன்னிரண்டு ஆண்டுகள் பள்ளியில் இருத்திப் பயிற்றுகிற நாம், இவ்வளவு வியாபகமாகிவிட்ட இன்னொரு பாஷையை மட்டும் அவர்கள் தாமாகவே கற்றுக்கொள்ளட்டும் என்று தெருவில் விட்டிருக்கிறோம். மத்தியப் பாடத்திட்டத்தின் மேல்நிலை வகுப்புகளில் வணிகக் கலை என்றொரு விருப்பப் பாடம் இருப்பது உண்மையே. ஆனால், அதை நாடுவோர் சிலர். வரைகலை வடிவமைப்பு, புகைப்படக் கலை ஆகிய இரண்டின் அடிப்படைகளையும் ஆறாம் வகுப்பு முதல் எல்லாப் பிள்ளைகளுக்கும், தொழிற்பயிற்சியாக அன்றி எழுத்தறிவின் ஒரு பகுதியாகவே, கற்பிக்க வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

கணக்கிலும் அறிவியலிலும் பிள்ளைகள் தடுமாறும்போது இந்த ஆடம்பரம் எதற்கு என்று வினவுவோர் உண்டு. அவர்களுடைய கவலை நியாயமானது. ஆனால், அந்தக் கவலையின் அடியில் கிடக்கிற எண்ணம், அதாவது படமும் வடிவமும் வயிறு நிறைந்தவர்களின் பொழுதுபோக்கு என்ற எண்ணம், நம் தேசத்தின் சரித்திரத்துக்கே பொருந்தாதது. சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தல் 1951-52இல் நடந்தபோது வாக்காளரில் மிகப் பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள். அவர்கள் தம் மனத்தில் இருந்ததை ஐயத்துக்கு இடமின்றித் தெரிவிக்க வழிசெய்தவை வாக்குப்பெட்டியின்மேல் இருந்த சின்னங்களே. சிறிய சீட்டில் கட்டைவிரல் அகலத்துக்குள் அச்சானாலும், தெருச் சுவரில் ஆளுயரத்துக்கு எழுதப்பட்டாலும், மங்கிய வெளிச்சத்தில் மூப்படைந்த கண் பார்த்தாலும் ஒன்று மற்றொன்றாகத் தோன்றிவிடக்கூடாது என்ற கடுமையான நிபந்தனைக்கு உட்பட்டுத் தேர்தல் ஆணையத்தின் வரைவாளர் எம்.எஸ். சேத்தி போன்றவர்கள் காலப்போக்கில் வரைந்த தேர்தல் சின்னங்களின் எளிய கோட்டுருவங்களை ஆடம்பரம் என்று யார் சொல்ல முடியும்? கிராமத்துச் சுகாதார நிலையச் சுவர்தோறும் தலைகீழாக நின்ற குடும்ப நலச் சிவப்பு முக்கோணமும் அவ்வாறே சாமானியரை நோக்கிச் சிருஷ்டிக்கப்பட்டது. 2010ஆம் ஆண்டு இந்திய ரூபாய்க்கென ஏற்கப்பட்ட குறியீட்டை வடித்த உதயகுமார் தமிழ்நாட்டில் பிறந்து, மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் வடிவமைப்பு பயின்று, தமிழ் எழுத்துருக்களை ஆராய்ந்தவர். நாள்தோறும் கடைக்காரரின் விலைச்சீட்டில் நாம் காண்கிற அந்தக் குறி, எழுத்தின் உடலமைப்பை ஆண்டுக்கணக்காகக் கூர்ந்து நோக்கிய ஒரு மாணவரின் கண்ணிலிருந்து பிறந்தது.

வடிவமைப்பு என்பதன் லட்சணத்தை விளக்க நெடிய சாஸ்திரம் தேவையில்லை. நம் ஊர்களில் ஒட்டப்படுகிற எந்த அறிவிப்பையும் நின்று பார்த்தால் போதும். சிலகாலத்துக்கு முன் ஒரு பள்ளிக்கூட வாயிலில் இலவசக் கண் பரிசோதனை முகாமுக்கான சுவரொட்டி ஒன்றைக் கண்டேன். அதன் மேற்பாதியைப் பிரமுகர்களின் முகங்களும் பட்டங்களும் நிறைத்திருந்தன; நடுவே, நிழல் வைத்த எழுத்துக்களும், வளைத்து எழுதிய எழுத்துக்களும், ஒன்றன்மேல் ஒன்று ஏறிய நான்கைந்து வர்ணங்களும்; எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு சூரியகாந்தித் தோட்டம். முகாம் நடக்கும் நாள், நேரம், இடம் ஆகிய மூன்றும் அடிவிளிம்பில், மஞ்சள் பூவின்மீது வெள்ளை எழுத்தில், சுண்டுவிரல் நகத்தளவில் இருந்தன. யாருக்காக அந்த முகாம் நடத்தப்படுகிறதோ அந்த முதியவர்களுள் ஒருவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, அவ்வழியே சென்ற ஒரு பெண்ணை அழைத்து, ‘என்னைக்குன்னு போட்டிருக்கு, பாரும்மா’ என்று கேட்டார்.

இந்தச் சுவரொட்டியை ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேரிடம் கொடுத்து, ‘இதைப் பார்க்க வருகிறவருக்கு முதலில் தெரிய வேண்டியது எது, இரண்டாவது எது, தெரியாவிட்டாலும் பாதகமில்லாதது எது?’ என்று ஒரே ஒரு வினாவை வினவிவிட்டால், ஒரு பாடவேளைக்குள் அவர்கள் அதைச் செம்மைப்படுத்திவிடுவார்கள். நாளும் நேரமும் இடமும் பெரிதாகும். ‘இலவசம்’ என்ற சொல் அவற்றை அடுத்து வரும். வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து, ஒரே எழுத்துரு, இரண்டே அளவு, சுற்றிலும் தாராளமான வெற்றிடம். அவ்வாறு செய்கையில் அந்தப் பிள்ளைகள் கற்றுக்கொள்வது வெறும் அழகன்று. ஒரு விஷயத்தில் தலையாயது எது, துணையாயது எது என்று தரம்பிரித்து நோக்கும் விவேகத்தையும், தான் சொல்ல விரும்புவதைக் கேட்பவன் நிலையிலிருந்து எண்ணிப் பார்க்கும் பண்பையும் அவர்கள் பயிலுகிறார்கள். கட்டுரை எழுதப் பழகும் மாணவனுக்கு வேண்டுவனவும் இவைதாமே. மொழிப்பாட ஆசிரியர் இதனைத் தமக்கு அன்னியமான வேலையென்று கருத வேண்டியதில்லை.

இங்கே தமிழுக்கென்றே உரிய சில நுட்பங்களும் உண்டு. அவற்றை நாம் கற்பிக்காவிட்டால் வேறு எந்த நாட்டாரும் நமக்காகக் கற்பிக்கப் போவதில்லை. ஆங்கிலத்தைப் போலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதம் தமிழுக்கு இல்லை. ஆகையால், ஒரு சொல்லை முன்னிறுத்த வேண்டுமானால் எழுத்தின் தடிமனையும் அளவையும் சுற்றியுள்ள வெற்றிடத்தையும் கொண்டே அதனைச் செய்தாக வேண்டும். மேலே விலங்கும் புள்ளியும், கீழே உகர ஊகாரச் சுழிப்புகளும் பெற்ற எழுத்துக்கள் வரிக்கு வரி வருவதால், ஆங்கிலத்துக்கு அளந்த வரியிடைவெளியில் தமிழை நெருக்கினால் மேல்வரியும் கீழ்வரியும் முட்டிக்கொள்ளும். நம் சொற்கள் விகுதிகளைச் சேர்த்துக்கொண்டு நீளுவதால், ஒடுங்கிய பத்தியில் இருபுறமும் சமன்செய்து அடுக்கும்போது சொற்களுக்கு நடுவே பள்ளங்கள் விழும். 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சான காலந்தொட்டு, அச்சுக் கோத்தவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கையால் அறிந்த பாடங்கள் இவை. பெரியார் தம் ஏடுகளில் கையாண்டு, 1978இல் தமிழ்நாட்டரசு ஏற்றுக்கொண்ட எழுத்துச் சீர்திருத்தத்தால், ணா, றா, னா, லை போன்ற எழுத்துக்கள் தம் பழைய கூட்டுவடிவத்தை விட்டு இன்றைய வடிவத்தைப் பெற்றன என்பதை அறிகிற ஒரு சிறுமி, தான் அன்றாடம் எழுதுகிற எழுத்தின் உருவமும் மனிதர் சிந்தித்து முடிவுசெய்தது என்பதை உணர்வாள். அந்த உணர்வு அவளுக்கு எவ்வளவு துணிவைத் தரும்!

ஓர் எச்சரிக்கை அவசியம். இந்தப் பாடத்தைத் தொடங்கச் சொன்னால், கணினி அறையைத் திறந்து, ஏதேனும் ஒரு மென்பொருளில் எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன நிகழும் என்று மனனம் செய்வித்து, அதையே வடிவமைப்புக் கல்வி என்று கணக்கில் எழுதிவிடும் அபாயம் பெரிது. பொத்தான்கள் ஆண்டுதோறும் இடம் மாறும். ஆயத்த மாதிரிகளை விநியோகிக்கும் செயலிகள் நாளுக்கொன்று தோன்றும். இப்போது வாய்ச்சொல்லால் கேட்டவுடனே படம் தீட்டித் தரும் இயந்திரங்களும் வந்துவிட்டன. ஆயிரம் படங்களை நொடியில் தரும் இயந்திரத்தின் முன்னால் அமர்ந்தவனுக்கு வேண்டிய ஒரே திறமை, அவற்றுள் எது நன்று, எது தீது, ஏன் என்று தெரிந்துகொள்வதுதான். அது தாளிலும் பென்சிலிலும் கத்தரிக்கோலிலும், பழைய பத்திரிகைகளை வெட்டி அடுக்கிப் பார்ப்பதிலும் பிறக்கிறது. சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்க வடிவமைப்பாளத் தம்பதியர் 1958இல் நம் அரசுக்கு அளித்த அறிக்கை, 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்புக் கழகம் தோன்ற வித்தாக அமைந்தது. அந்த அறிக்கையில் அவர்கள் வியந்து போற்றியது நம் வீட்டுச் செம்பைத்தான். எவ்வளவு நீர் கொள்ளும், இடுப்பில் எப்படி அமரும், ஊற்றும்போது எவ்வாறு சாயும், உள்ளே கைவிட்டுத் துலக்க முடியுமா என்றெல்லாம் அந்த ஒரு பாத்திரத்தைக் கொண்டே அவர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். நம் வகுப்பறைக்கு அதைவிடச் சிறந்த முதற்பாடம் கிடையாது, செலவும் கிடையாது.

புகைப்படக் கலைக்கும் விலையுயர்ந்த கேமரா வேண்டியதில்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். நன்கு வெயிலடிக்கும் ஒரு முற்பகலில், வகுப்பறையின் சன்னல் கதவுகளையெல்லாம் மூடி, இடுக்குகளைக் கறுப்புத் தாளால் அடைத்து, ஒரே ஒரு சன்னலில் மட்டும் விரல்நுனி அளவுக்குத் துளை விடுங்கள். கண் இருளுக்குப் பழகியதும், எதிர்ச்சுவரில் மைதானத்து வேப்பமரம் தலைகீழாக, தன் பச்சை நிறத்தோடு, காற்றில் அசைந்துகொண்டு நிற்பதைப் பிள்ளைகள் காண்பார்கள். வெளியே ஒருவன் ஓடினால், சுவரில் அவன் கால் மேலாக எதிர்த்திசையில் ஓடுவான். பிறகு, இரண்டு பவர் உள்ள பழைய வெள்ளெழுத்துக் கண்ணாடியின் ஒரு வில்லையைத் துளையில் பொருத்தி, அரை மீட்டர் தள்ளி ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்தால், மங்கலாக இருந்த மரம் இலை இலையாகத் துலங்கும். பத்தாம் வகுப்பு ஒளியியல் பாடத்தில் குவிய தூரம், வில்லையின் திறன் என்று சூத்திரமாக மட்டும் அறியப்படுகிறவை அந்தக் கணத்தில் பிரத்தியட்சமாகின்றன. ஓர் அறை முழுவதும் கேமராவாகி, அதன் வயிற்றுக்குள் நாற்பது குழந்தைகள் நிற்கிறார்கள்.

படத்தை நிலைபெறச் செய்யும் ரசாயனமும் கைக்கெட்டியதே. ஜான் ஹெர்ஷல் 1842இல் கண்ட நீலப்படி முறையில், இரண்டு இரும்பு உப்புகளின் கரைசலைத் தாளில் பூசி நிழலில் உலர்த்தி, அதன்மேல் ஒரு வேப்பிலைக் கொத்தை வைத்துச் சற்று நேரம் வெயிலில் காட்டிவிட்டு வெறும் தண்ணீரில் அலசினால், நீலப் பின்னணியில் இலையின் வெள்ளுருவம் நிலைத்துவிடும். அடுத்த ஆண்டிலேயே ஆன்னா அட்கின்ஸ் என்ற பெண்மணி இம்முறையால் கடற்பாசிகளைப் பதிவுசெய்து பிரசுரித்தார். வேதியியல் ஆசிரியரின் மேற்பார்வையில் எந்த அரசுப் பள்ளியின் ஆய்வுக்கூடமும் இதைச் செய்யக்கூடும்.

நம் ஊருக்கும் இந்தக் கலைக்கும் உள்ள உறவு நெடியது என்பதையும் பிள்ளைகள் அறியட்டும். அலெக்ஸாண்டர் ஹன்ட்டர் என்ற மருத்துவர் 1850இல் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளியில் அந்நாளிலேயே புகைப்படமும் பயிற்றப்பட்டது. அதுவே இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி. 1858இல் லின்னேயஸ் டிரைப் தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒட்டிச் சேர்த்தார். கானுயிர்களைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்த மா. கிருஷ்ணன், தம் தேவைக்கேற்பத் தாமே பல உறுப்புகளைக் கோத்து அமைத்த கனத்த கேமராவைத் தூக்கிக்கொண்டு காடுகளில் அலைந்தவர். அவர் சித்திரமும் தீட்டுவார், தமிழில் எழுதவும் எழுதுவார், மிருகத்தின் ஒவ்வோர் அசைவையும் பொறுமையோடு கவனித்த பின்னரே விசையை அழுத்துவார். நாளொன்றுக்கு நூறு படம் எடுத்து ஒன்றையும் திரும்பிப் பாராத இக்காலத்துப் பிள்ளைக்கு அந்தப் பொறுமையை யார் எடுத்துச் சொல்வது?

பொறுமையோடு நியாயமும் கற்பிக்கப்பட வேண்டும். ஒரே கூட்டத்தை அருகில் நின்று தாழ்வாக எடுத்தால் ஜனசமுத்திரமாகவும், மாடியிலிருந்து எடுத்தால் வெற்று மைதானத்தில் ஒரு கொத்தாகவும் காட்டலாம். சட்டத்தின் ஓரத்தை இரண்டு அங்குலம் வெட்டிவிட்டால், கைகொடுத்துத் தூக்குகிறவனைக் கைப்பிடித்து இழுக்கிறவனாகவும் மாற்றிவிடலாம். பிள்ளைகள் தாமே தம் பள்ளி மைதானத்தில் இவ்வாறு இருவிதமாக எடுத்துப் பார்த்துவிட்டால், நாளை கைபேசியில் வருகிற ஒரு படத்தைக் கண்டவுடன் கொதித்தெழாமல், ‘இது எங்கிருந்து எடுக்கப்பட்டது, ஓரத்தில் எது விடுபட்டது, எடுத்தவர் யார்?’ என்று வினவுவார்கள். பொய்ப்படங்கள் மலிந்துவிட்ட காலத்தில் இதைவிட வலிய கவசம் வேறில்லை. பிறரைப் படமெடுக்கும் முன் சம்மதம் கேட்பது, துக்க வீட்டிலும் மருத்துவமனையிலும் கேமராவைத் தாழ்த்துவது, ஒரு தோழியின் படத்தை அவளறியாமல் பிறருக்கு அனுப்பாதிருப்பது ஆகிய ஒழுக்கங்களையும் இந்த வகுப்பில்தான் சொல்ல முடியும். அவற்றைச் சொல்லாமல் விட்டதன் விளைவை எத்தனையோ பெண்பிள்ளைகள் கண்ணீரோடு அனுபவித்துவிட்டார்கள்.

தூய்மைப் பணியாளர்களின் வாழ்வைத் தொடர்ந்து படமாக்கி வரும் பழனிகுமார், வடசென்னையில் உழைப்பாளர் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கேமராவைக் கொடுத்துப் பயிற்றியிருக்கிறார். அவர்கள் எடுத்த படங்கள் கண்காட்சியாகவும் வைக்கப்பட்டன. ஒரு சேரியை வெளியூர்க்காரர் எடுப்பதற்கும் அதில் பிறந்த பெண் எடுப்பதற்கும் உள்ள வேற்றுமை பெரிது. முன்னது பரிதாபத்தையே தேடும், பின்னது தன் தாய் வேலைக்குப் புறப்படுகிற நேரத்தை அறியும். இந்த வாய்ப்பு ஒரு தனிமனிதரின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பியிருப்பது நியாயமில்லை.

இதற்கெல்லாம் ஆசிரியர் எங்கே என்ற கேள்வி எஞ்சுகிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 100 பிள்ளைகளுக்கு மேற்பட்ட நடுநிலை வகுப்புகளுக்குக் கலைக் கல்விக்கென்று பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் 2012இல் ஓவியம், உடற்கல்வி, தையல் முதலிய பாடங்களுக்காக 16,000-க்கும் மேற்பட்டோர் மாதம் 5,000 ரூபாய் ஊதியத்தில் அமர்த்தப்பட்டார்கள். ஊதியம் பின்னர் உயர்ந்ததாயினும், பணி நிரந்தரம் கோரி அவர்கள் ஆண்டுக்கணக்காகத் தெருவில் நிற்கிறார்கள். பிளெக்ஸ் பேனர் வந்தபின் தூரிகையை வைத்துவிட்ட சுவரெழுத்து ஓவியர்களும், அச்சுக்கூடத்தில் முதிர்ந்த கைகளும் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள். ஓவிய ஆசிரியரின் பணியை நிரந்தரமாக்கி, கோடை விடுமுறையில் கவின்கலைக் கல்லூரிகளில் அவருக்குப் பயிற்சி தந்து, மாதம் ஒருமுறை அந்தக் கைவினைஞர்களுள் ஒருவரைக் கௌரவமான சன்மானத்தோடு வகுப்புக்கு அழைக்கும் உரிமையை அவருக்கு அளித்தால், வாரம் இரண்டு பாடவேளையில் இதைத் தொடங்கிவிடலாம். மதிப்பெண் தேர்வு வேண்டாம். பள்ளியின் ஆண்டு விழா அழைப்பிதழையும், பெற்றோர் கூட்ட அறிவிப்பையும், சத்துணவுக் கூடத்துப் பலகையையும் பிள்ளைகளே வடிவமைக்கட்டும். அவற்றைப் பெற்றோர் ஒருவரையும் கேட்காமல் தாமே படித்துத் தெரிந்துகொள்கிறார்களா என்று பார்த்துவிட்டு, அடுத்த மாத அறிவிப்பை ஆசிரியரும் பிள்ளைகளும் திருத்தி அமைக்கட்டும்.